நியூயார்க் செய்ததைத் தமிழ்நாடு சட்டமன்றம் செய்ய முடியுமா?

“நியூயார்க்கில் நீதிமன்றம் கைவிரித்த பிறகு சட்டமன்றமே சட்டம் போட்டுத் தன்பாலினத் திருமணத்தைக் கொண்டுவந்தது. இங்கே 2023-ல் உச்ச நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டம் போட்ட மாநிலம்தானே நம்முடையது, இதற்கும் போட முடியாதா? நானும் என் துணைவியும் ஆறு வருடமாகச் சேர்ந்து வாழ்கிறோம். காத்திருப்பதில் அர்த்தம் இருக்கிறதா?” என்று கேட்டிருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இது சட்டமன்றத்தின் அதிகாரம் பற்றிய கேள்வி. ஆனால் கடைசி வரியைப் படித்தபோது, நீங்கள் உண்மையில் கேட்பது வேறு என்று பட்டது. சட்டம் போட்டால் அது நிற்குமா, சென்னையில் பதிவான கல்யாணம் பெங்களூரில் செல்லுமா, அதுவரை நீங்கள் இருவரும் என்ன பாதுகாப்போடு வாழ்வது என்பதுதான் அது. மூன்றுக்கும் சேர்த்தே சொல்கிறேன். குடும்ப வழக்குகளிலும் சொத்து வழக்குகளிலும் 22 வருடமாக வேலை செய்கிறேன். அரசியல் சாசன வழக்குகள் என் அன்றாடத் தொழில் அல்ல. அதனால் சட்டத்தில் உள்ளது எது, என் கணிப்பு எது என்பதைப் பிரித்தே சொல்லிக்கொண்டு போகிறேன்.

முதலில் நியூயார்க். நீங்கள் சொன்னது சரி. 2006-ல் அந்த மாநிலத்தின் உச்ச நீதி அமைப்பான மேல்முறையீட்டு நீதிமன்றம், தன்பாலினத் திருமணத்தை அனுமதிப்பதா வேண்டாமா என்பதைச் சட்டமன்றம்தான் முடிவு செய்ய வேண்டும் என்று சொல்லி வழக்கைத் தள்ளியது. கீழவை 2007-லும் 2009-லும் மசோதாவை நிறைவேற்றியது. மேலவையில் 2009 டிசம்பரில் 38-24 என்று தோற்றது. அப்புறம் 2011 ஜூன் 24-ம் தேதி இரவு, அதே மேலவையில் 33-29 என்று ஜெயித்தது. ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோ நள்ளிரவுக்கு முன்பே கையெழுத்துப் போட்டார். 30 நாள் கழித்து, ஜூலை 24-ம் தேதி சட்டம் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டத்தின் மையம் ஒரே ஒரு வாக்கியம்: மற்றபடி செல்லத்தக்க ஒரு திருமணம், அதில் இணைபவர்கள் ஒரே பாலினமா வேறு பாலினமா என்பதைப் பொருட்படுத்தாமல் செல்லும். கூடவே, மத அமைப்புகளும் மதகுருமார்களும் இந்தத் திருமணங்களை நடத்திவைக்கக் கட்டாயம் இல்லை என்ற பாதுகாப்பும் இருந்தது. அந்தப் பாதுகாப்பு இல்லாமல் கடைசி சில ஓட்டுகள் கிடைத்திருக்காது.

அந்த 33 பேரில் நான்கு பேர் குடியரசுக் கட்சிக்காரர்கள். ஜேம்ஸ் அலெசி, ராய் மெக்டொனால்ட், ஸ்டீபன் சாலண்ட், மார்க் கிரிசாண்டி. 2012 தேர்தலுக்குப் பிறகு மேலவைக்குத் திரும்பியவர் கிரிசாண்டி மட்டும்தான். ஒருவர் போட்டியிடவே இல்லை, ஒருவர் சொந்தக் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலிலேயே தோற்றார், ஒருவர் பொதுத்தேர்தலில் தோற்றார். சட்டமன்றம் வழியாக உரிமை கிடைப்பது என்றால், யாரோ சிலர் தங்கள் தொகுதியைப் பணயம் வைத்து ‘ஆம்’ என்று கை தூக்குவது. வெர்மாண்ட் மாநிலத்தில் 2009-ல் ஆளுநர் மறுத்த மசோதாவை மீண்டும் நிறைவேற்ற மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டியிருந்தது. கீழவையில் விழுந்தது 100-49. ஒரு ஓட்டு குறைந்திருந்தாலும் போயிருக்கும். அதற்கும் முன்பே, எந்த நீதிமன்ற உத்தரவும் இல்லாமல் 2005-ல் மசோதாவை நிறைவேற்றிய முதல் மாநிலச் சட்டமன்றம் கலிபோர்னியாவுடையது. அதை ஆளுநர் அர்னால்ட் ஷ்வார்ஸ்நேகர் திருப்பி அனுப்பினார். 2007-லும் அதே கதை. மெய்ன் மாநிலத்தில் 2009 மே மாதம் சட்டம் வந்து, நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பில் ரத்தாகி, 2012-ல் இன்னொரு வாக்கெடுப்பில் திரும்பி வந்தது. ஆகவே ‘அமெரிக்க மாநிலங்கள் சட்டம் போட்டன’ என்று ஒரே வரியில் சொல்லும்போது, நடுவில் எத்தனை தோல்விகள் இருந்தன என்பது மறைந்துபோகிறது.

ஆனால் அங்கே ஒரு வசதி இருந்தது. அது நமக்கு இல்லை. அமெரிக்காவில் திருமணச் சட்டம் மாநிலங்களின் விஷயம். இந்து திருமணச் சட்டம், மதம் பார்க்காமல் திருமணம் செய்துகொள்ள வழி செய்யும் சிறப்புத் திருமணச் சட்டம் போல நாடு முழுவதற்குமான திருமணச் சட்டம் ஒன்று அங்கே கிடையாது. ஆகவே நியூயார்க் சட்டம் போட்டபோது அது எந்த மத்தியச் சட்டத்தோடும் மோதவில்லை. வாஷிங்டன் செய்ததெல்லாம், 1996-ல் ஒரு சட்டம் போட்டு, மாநிலம் ஒப்புக்கொண்டாலும் மத்திய அரசின் கணக்கில் இந்தத் திருமணம் செல்லாது என்று வைத்ததுதான். அந்தச் சட்டம் என்ன செய்தது என்பதற்கு எடித் விண்ட்ஸர் வழக்கு போதும். கனடாவில் 2007-ல் திருமணம் செய்துகொண்டு நியூயார்க்கில் வாழ்ந்தவர். துணைவி 2009-ல் இறந்தபோது, மத்திய அரசு அவரை மனைவியாக ஏற்காததால் இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தின் மீதான வரியாக 3,63,053 டாலர் கட்டவேண்டி வந்தது. 2013-ல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார். 2015-ல்தான் நாடு முழுவதும் உரிமை வந்தது. மாநிலச் சட்டத்துக்கு எல்லை எங்கே முடிகிறது என்பதை அந்தத் தொகை காட்டிவிடுகிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நம் ஊருக்கு வரும்போது தேவைப்படும்.

இப்போது நம் சாசனம். இதில் சந்தேகமே இல்லாத பகுதியை முதலில் சொல்கிறேன். திருமணம், விவாகரத்து, தத்து, உயில், வாரிசுரிமை எல்லாம் ஏழாவது அட்டவணையின் பொதுப்பட்டியலில் ஐந்தாவது பதிவில் இருக்கின்றன. நாடாளுமன்றமும் சட்டம் போடலாம், மாநிலச் சட்டமன்றமும் போடலாம். 2023-ல், தன்பாலினத் திருமணத்துக்கு அங்கீகாரம் கேட்ட சுப்ரியோ வழக்கு நடந்தபோது ஒன்றிய அரசே, திருமணம் பொதுப்பட்டியலில் இருப்பதால் மாநிலங்களைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது என்று வாதிட்டு, எல்லா மாநிலங்களுக்கும் கடிதம் எழுதியது. 2023 அக்டோபர் 17-ம் தேதி வந்த தீர்ப்பில் ஐந்து நீதிபதிகளும் ஒத்துப்போன விஷயம், திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை அல்ல என்பதும், சிறப்புத் திருமணச் சட்டத்தை நீதிமன்றம் மாற்றி எழுத முடியாது என்பதும். திருமணம் அல்லாத ஓர் இணைவுக்காவது அங்கீகாரம் தர வேண்டுமா என்பதில் 3-2 என்று பிரிந்தார்கள். பெரும்பான்மை வேண்டாம் என்றது. ஆனால் அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட் தன் தீர்ப்பில், இந்தத் திருமணங்களை அங்கீகரிக்கும் சட்டத்தை நாடாளுமன்றமும் மாநிலச் சட்டமன்றங்களும் இயற்றலாம் என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார். பெரும்பான்மைத் தீர்ப்பிலும் சட்டமன்றங்களைத் தடுக்கும் ஒரு வார்த்தையும் இல்லை. சீராய்வு மனுக்கள் 2025 ஜனவரியில் தள்ளுபடியாகிவிட்டன. ஆக, நீதிமன்றம் பூட்டியது தன் கதவை மட்டும்தான். சட்டமன்றத்தின் கதவு திறந்தே இருக்கிறது.

அப்படியானால் தடை எங்கே? சாசனத்தின் 254-வது பிரிவில். பொதுப்பட்டியல் விஷயத்தில் மாநிலச் சட்டம் மத்தியச் சட்டத்தோடு முரண்பட்டால், முரண்படும் அளவுக்கு மாநிலச் சட்டம் செல்லாது. தப்பிக்க ஒரே வழி, மசோதா குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்குப் போய், ஒப்புதல் கிடைத்தால் அந்த மாநிலத்துக்குள் மாநிலச் சட்டமே மேலோங்கும். நீங்கள் சொன்ன சுயமரியாதைத் திருமணச் சட்டம் இந்த வழியில்தான் வந்தது. அதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். உங்கள் கேள்விக்கு இதைவிட நெருக்கமான முன்னுதாரணம் இல்லை.

புரோகிதர் இல்லாமல், சடங்கு இல்லாமல் ஆயிரக்கணக்கானோர் கல்யாணம் செய்துகொண்டிருந்த காலம். 1950-களில் சென்னை உயர் நீதிமன்றம், சாத்திரச் சடங்கும் இல்லை, நிரூபிக்கப்பட்ட வழக்கமும் இல்லை என்பதால் அப்படி நடந்த ஒரு திருமணம் செல்லாது என்று சொல்லிவிட்டது. யோசித்துப் பாருங்கள். பிள்ளைகள் பெற்று, வீடு கட்டி வாழ்ந்துகொண்டிருந்த தம்பதிகள் சட்டத்தின் கண்ணில் தம்பதிகளே இல்லை என்று ஆனார்கள். அண்ணா முதல்வரானதும் 1967-ல் சட்டமன்றம் இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாட்டுக்கு மட்டும் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு 1968 ஜனவரியில் அது சட்டமானது. உறவினர், நண்பர் அல்லது வேறு யாராவது முன்னிலையில், இருவரும் தங்களுக்குப் புரியும் மொழியில் ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றிக்கொள்ளலாம், மோதிரம் போடலாம். அல்லது தாலி கட்டலாம். எல்லாவற்றுக்கும் நடுவில் ‘அல்லது’ இருக்கிறது. தாலி கட்டாயம் இல்லை. இன்னொன்று, சட்டம் வருவதற்கு முன் நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் நடந்த நாளிலிருந்தே செல்லும் என்று அந்தப் பிரிவு சொல்கிறது.

அந்தப் பிரிவை என் மேசையில் விரித்து வைத்துக்கொண்டு ஜூனியர்களுக்குப் பாடம் சொல்லும்போதெல்லாம் ஒரு இடத்தில் நின்றுவிடுவேன். ‘எந்த இரண்டு இந்துக்களுக்கும் இடையிலான’ திருமணம் என்றுதான் அது தொடங்குகிறது. ஆணும் பெண்ணும் என்று தொடங்கவில்லை. இரண்டு வரி தள்ளித்தான் ‘மனைவியாக’, ‘கணவனாக’ என்ற சொற்கள் வருகின்றன. அந்த இரண்டு சொற்களை ‘வாழ்க்கைத் துணையாக’ என்று மாற்ற ஒரு பாராவுக்கு மேல் தேவைப்படாது. நீதிமன்றத்தில் இதை வியாக்கியானமாக வாதாடி ஜெயிக்க முடியும் என்று நான் சொல்லவில்லை. சுப்ரியோவுக்குப் பிறகு அது நடக்காது. சட்டமன்றம் விரும்பினால் வரைவு வேலை எவ்வளவு சிறியது என்பதைத்தான் சொல்கிறேன். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில், ஓர் ஆணும் திருநங்கையும் செய்துகொண்ட திருமணத்தைப் பதிவு செய்ய மறுத்த வழக்கில், ‘மணமகள்’ என்ற சொல்லில் திருநங்கையும் அடக்கம் என்று தீர்ப்பளித்தது. அது ஆண்-பெண் என்ற சட்டகத்துக்கு உள்ளேயே நின்ற தீர்ப்புதான். உங்கள் இருவருக்கும் நேரடியாக உதவாது. ஆனால் சொல்லின் பொருள் கல்லில் வெட்டியது இல்லை என்பதை அது காட்டியது.

இனி நான் உறுதியாகச் சொல்ல முடியாத பகுதிக்கு வருகிறேன். சிலர் கேட்கிறார்கள், குடியரசுத் தலைவரிடம் ஏன் போக வேண்டும், மத்தியச் சட்டங்கள் ஆண்-பெண் திருமணத்தைப் பற்றி மட்டும்தானே பேசுகின்றன, தன்பாலினத் திருமணத்துக்குத் தனியாக ஒரு மாநிலச் சட்டம் போட்டால் முரண்பாடே வராதே என்று. கேட்க நன்றாக இருக்கிறது. இதே வாதத்தை ஆஸ்திரேலியாவில் வைத்துப் பார்த்துவிட்டார்கள். கான்பெர்ரா இருக்கும் தலைநகரப் பிரதேசத்தின் பேரவை 2013 அக்டோபரில் அப்படி ஒரு தனிச் சட்டம் போட்டது. டிசம்பர் 7-ம் தேதி முதல் திருமணங்கள் நடந்தன. ஐந்தே நாளில், டிசம்பர் 12 அன்று, அந்த நாட்டின் உச்ச நீதி அமைப்பான உயர் நீதிமன்றம் சட்டத்தை ஒருமனதாக ரத்து செய்தது. எந்தத் திருமணம் செல்லும் என்பதை மத்தியச் சட்டம் முழுமையாகச் சொல்லி முடித்துவிட்டது, பக்கத்தில் இன்னொரு வகைத் திருமணத்துக்கு இடமில்லை என்பது காரணம். அந்த ஐந்து நாளில் திருமணம் செய்துகொண்ட 31 ஜோடிகள் மறுபடியும் திருமணம் ஆகாதவர்கள் ஆனார்கள். நாடு முழுவதற்கும் சட்டம் வர 2017 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நம் சாசனமும் ஆஸ்திரேலியாவுடையதும் ஒன்றல்ல. நம் நீதிமன்றம் வேறு மாதிரியும் சொல்லலாம். ஆனால் என் கருத்தைக் கேட்டால், ஒப்புதல் வாங்காத தனிச் சட்டத்தை நம்பி யாரையும் மாலை மாற்றிக்கொள்ளச் சொல்ல மாட்டேன். கல்யாணம் ஆகி ஐந்தாம் நாள் ‘ஆகவில்லை’ என்று கேட்பது எவ்வளவு கொடுமை.

சரி, ஒப்புதல் கிடைக்குமா? குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் நடப்பார். அதாவது முடிவு ஒன்றிய அரசின் கையில். இரண்டு பக்கமும் உதாரணம் உண்டு. 2017-ல் ஜல்லிக்கட்டுக்காக நாம் கொண்டுவந்த திருத்தம், மத்தியச் சட்டத்துக்கு எதிராக இருந்தும் ஒப்புதல் பெற்றது. 2023-ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. நீட் விலக்கு மசோதாவை இரண்டு முறை நிறைவேற்றியும் ஒப்புதல் மறுக்கப்பட்டது. திருமண விஷயத்திலேயே பார்த்தால், உத்தராகண்ட் 2024-ல் கொண்டுவந்த பொது சிவில் சட்டம் ஒப்புதல் பெற்று 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஒரு மாநிலம் தன் எல்லைக்குள் திருமணச் சட்டத்தையே முழுதாகத் திருப்பி எழுதலாம் என்பதற்கு அது சாட்சி. ஆனால் அந்தச் சட்டம் திருமணத்தை ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில் என்றே வைத்திருக்கிறது. ஆக மாநிலத்துக்கு அதிகாரம் உண்டா என்ற கேள்வி முடிந்துபோன ஒன்று. எதற்கு ஒப்புதல் தருவார்கள் என்பது அரசியல் கேள்வி. 2023-ல் ஒன்றிய அரசு இந்தத் திருமணங்களைக் கடுமையாக எதிர்த்து வாதாடியது. அதே நிலைப்பாடு இருக்கும்வரை ஒப்புதல் வராது என்பது என் கணிப்பு. இழுத்தடித்தால் என்ன செய்வது என்பதற்கும் பெரிய வழி இல்லை. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் காலக்கெடு வைத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, அப்படிக் காலக்கெடு வைக்க முடியாது என்று கருத்துச் சொல்லிவிட்டது.

அதனால் சட்டம் போடாமல் இருக்க வேண்டுமா? நான் அப்படி நினைக்கவில்லை. 1989-ல் நம் சட்டமன்றம் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, பூர்வீகச் சொத்தில் அதுவரை திருமணம் ஆகாத மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு கொடுத்தது. நாடாளுமன்றம் அதை எல்லா மகள்களுக்குமாக நாடு முழுவதற்கும் செய்தது 2005-ல். பதினாறு வருடம். மாநிலம் முதலில் நடந்து காட்டியதால்தான் பின்னால் வந்தவர்களிடம் ‘இதனால் குடும்பம் உடைந்துவிடும்’ என்ற வாதத்துக்குப் பதில் இருந்தது. மசோதாவை நிறைவேற்றி அனுப்பி, மறுத்தால் மறுத்ததைப் பதிவில் ஏற்றுவதற்கும் ஒரு மதிப்பு உண்டு.

எந்தச் சட்டத்தைத் திருத்துவது என்பதிலும் யோசிக்க இருக்கிறது. 7-ஏ பிரிவைத் திருத்தினால் இந்துக்களுக்கு மட்டும்தான். நீங்கள் இருவரும் வேறு வேறு மதமாகவோ, இருவரும் கிறிஸ்தவராகவோ இருந்தால் அதனால் பயனில்லை. சிறப்புத் திருமணச் சட்டத்தில் தமிழ்நாட்டுக்கான திருத்தம் கொண்டுவருவதே சரி என்பேன். எந்த மதமும் வேண்டாம், எந்தக் கோயிலும் தேவாலயமும் சங்கடப்படத் தேவையில்லை. நியூயார்க் தனியாக எழுதிக்கொடுத்த பாதுகாப்பு இதில் இயல்பாகவே இருக்கிறது. மத்தியச் சட்டத்தையே திருத்துவதில் இன்னொரு லாபமும் உண்டு. 7-ஏ பிரிவில் கல்யாணம் செய்துகொண்ட ஒரு பெண்ணிடம் டெல்லியில் பாஸ்போர்ட்டுக்கோ ரயில்வே ஓய்வூதியத்துக்கோ யாரும் ‘இது தமிழ்நாட்டுக் கல்யாணம்’ என்று சொல்வதில்லை. அது இந்து திருமணச் சட்டத்தின் கீழ் நடந்த திருமணம், அவ்வளவுதான். தன்பாலினத் திருமணத்துக்கும் அதே மரியாதை கிடைக்குமா என்பது நிச்சயம் இல்லை. மத்தியச் சட்டங்களில் ‘கணவன்’, ‘மனைவி’, ‘விதவை’ என்ற சொற்கள் நூறு இடத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் வழக்கு வரும். வேறு மாநிலங்கள் ஏற்குமா என்பதும் திறந்த கேள்வி. சாசனத்தின் 261-வது பிரிவு ஒரு மாநிலத்தின் பொதுச் செயல்களுக்கும் பதிவேடுகளுக்கும் நாடெங்கும் முழு மதிப்புத் தர வேண்டும் என்கிறது. அதை வைத்து வாதாடலாம். பெங்களூரில் நிச்சயம் செல்லும் என்று இன்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இப்போது என் மனதுக்கு நெருக்கமான விஷயத்துக்கு வருகிறேன். திருமணச் சட்டம் வரும்வரை மாநில அரசு கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. யாரிடமும் ஒப்புதல் கேட்காமலேயே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. 2023 நவம்பரில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், சேர்ந்து வாழ்பவர்கள் தங்கள் உறவை ஒரு குடும்ப இணைப்பு ஆவணமாக எழுதிப் பதிவு செய்துகொள்ள வழி செய்யலாமே என்று தமிழ்நாடு அரசுக்கு யோசனை சொன்னார். பால்புதுமையர் (தன்பாலீர்ப்பு உள்ளவர்கள், திருநர் உள்ளிட்டோர்) பற்றித் தனக்கு இருந்த புரிதல் போதாது என்று ஒப்புக்கொண்டு, உளவியல் நிபுணரிடம் போய்க் கேட்டறிந்து 2021-ல் உத்தரவு எழுதியவர் அவர். ‘தன்பாலீர்ப்பு’ போன்ற மதிப்பான தமிழ்ச் சொற்களை 2022-ல் அரசிதழில் வெளியிடவைத்ததும் அவர் முன் இருந்த வழக்குதான். 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தின் இன்னொரு அமர்வு, பெற்றோர் பிரித்து வைத்திருந்த ஒரு பெண்ணுக்கான ஆட்கொணர்வு வழக்கில், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றுதான் வழி என்பதில்லை, தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பமும் குடும்பமே என்று சொன்னது.

அப்படி ஓர் ஆவணம் பதிவாகிவிட்டால், அதற்கு என்ன பலன் என்பதை மாநிலம் தன் எல்லைக்குள் எழுதலாம். அரசு மருத்துவமனையில் யார் கையெழுத்துப் போடலாம், மாநில அரசு ஊழியரின் விதிகளில் யார் குடும்பம், குடும்ப அட்டையில் யார் பெயர் என்பதெல்லாம் மாநிலம் தொடக்கூடிய இடங்கள். முத்திரைத் தீர்வையைப் பாருங்கள். குடும்பத்துக்குள் வீட்டை செட்டில்மென்ட் எழுதினால் ஒரு சதவீதம், அதற்கும் உச்சவரம்பு உண்டு. நீங்கள் உங்கள் துணைவிக்கு எழுதினால் வெளியாளுக்கு எழுதுவதாகக் கணக்கிட்டு ஏழு சதவீதம், பதிவுக் கட்டணம் தனி. அந்த ‘குடும்பம்’ என்ற சொல்லின் பட்டியலில் கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் இருக்கிறார்கள். தீர்வை விகிதம் மாநிலத்தின் அதிகாரம். ஒரு வரி சேர்ப்பதற்கு டெல்லிக்குப் போக வேண்டியதில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு அம்மா என் அலுவலகத்துக்கு வந்தார். ஐம்பது வயது இருக்கும். அவரும் தோழியும் புறநகரில் ஒரு ஃபிளாட்டில் பதினான்கு வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்கள். ஃபிளாட் தோழியின் பெயரில். கடன் தவணையில் பாதி இவர் கட்டியது. தோழி திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார். உயில் இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு தோழியின் அண்ணன்கள் சாவியைக் கேட்டார்கள். மஞ்சப்பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். ஏடிஎம்மில் பணம் போட்ட ரசீதுகள், எழுத்தெல்லாம் மங்கிப்போய். இருவரும் குற்றாலத்தில் எடுத்த படம். பிரிட்ஜ் வாங்கிய பில். அந்தப் பில் ஒன்றில்தான் இவர் பெயர் இருந்தது. இந்து வாரிசுரிமைச் சட்டம் 15-வது பிரிவின்படி, திருமணமே ஆகாத, பிள்ளைகளும் பெற்றோரும் இல்லாத பெண்ணின் சொத்து தந்தையின் வாரிசுகளுக்குப் போகும். அண்ணன்கள் கேட்டது சட்டப்படி சரி. கட்டிய பணத்தில் கொஞ்சத்தைத் திரும்ப வாங்கிக் கொடுத்தேன், அதுவும் சமரசத்தில். வீட்டைக் காப்பாற்ற முடியவில்லை. போகும்போது அந்த அம்மா கேட்டது, “காரியத்துல கொள்ளி வைக்கிற உரிமையா கேட்டேன், சமையலறையில நிக்கிற உரிமையத்தானே கேட்டேன்” என்று. எனக்குப் பதில் இல்லை. இந்தச் சட்டம் வேண்டும் என்று நான் நினைப்பது அன்றிலிருந்து.

ஆகவே காத்திருக்கலாமா என்று நீங்கள் கேட்டதற்கு: சட்டத்துக்காகக் குரல் கொடுங்கள், ஆனால் காகிதம் எழுதுவதற்குக் காத்திருக்காதீர்கள். இருவரும் தனித்தனியாக உயில் எழுதுங்கள். இரண்டு சாட்சிகள் கட்டாயம் வேண்டும், பதிவு கட்டாயம் இல்லை, ஆனாலும் பதிவு செய்துவிடுங்கள். உறவினர்களுக்கு ஏன் எழுதவில்லை என்று ஒரு வரி அதில் இருக்கட்டும். வீடு வாங்கினால் இரண்டு பெயரிலும் வாங்குங்கள், யார் எவ்வளவு போட்டார்கள் என்பதைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். 2024 ஆகஸ்டில் நிதி அமைச்சகம், பால்புதுமையர் கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும் துணையை நாமினியாகப் போடவும் தடையில்லை என்று தெளிவுபடுத்திவிட்டது. வங்கியில் மறுத்தால் அதைக் காட்டுங்கள். குடும்ப அட்டையில் துணைவர்களை ஒரே வீட்டினராகக் கருதச் சொல்லியும், நெருங்கிய உறவினர் இல்லாதபோது உடலைத் துணைவர் பெற்றுக்கொள்ளலாம் என்றும் மாநிலங்களுக்குக் கடிதம் போயிருக்கிறது. ஆனால் நாமினி என்பவர் பணத்தை வாங்கி வைப்பவர்தான், வாரிசு அல்ல. உயில் இல்லாமல் நாமினி மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். பி.எஃப்., கிராஜுவிட்டி இரண்டிலும் சட்டம் சொல்லும் குடும்பம் இருப்பவர்கள் வெளியாளை நாமினியாகப் போட முடியாது. அங்கே மாநிலமும் உதவ முடியாது.

மருத்துவமனைக்காக ஒரு கடிதம் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, நோட்டரி சான்று வாங்கி, ஆளுக்கு ஒரு நகல் கைப்பையில் வையுங்கள். எனக்கு முடியாமல் போனால் இவரிடம் பேசுங்கள், இவரை உள்ளே விடுங்கள் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும். இதற்குச் சட்டபலம் முழுமையாக உண்டு என்று சொல்ல மாட்டேன். பவர் பத்திரம் போதும் என்று யாராவது சொன்னால், எழுதிக்கொடுத்தவர் இறந்தாலோ சித்த சுவாதீனம் இழந்தாலோ அது அத்தோடு முடிந்துவிடும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் இரவு இரண்டு மணிக்கு வார்டு வாசலில் நிற்கும் நர்ஸுக்குக் கையில் பிடித்துப் படிக்க ஒரு காகிதம் இருப்பது, வெறும் வாய்வார்த்தையைவிட நிறைய உதவும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் ஊரைச் சொன்னால், இந்த ஆவணங்களை முகம் சுளிக்காமல் எழுதித் தரும் வக்கீல் ஒருவரின் பெயரைத் தனியாக அனுப்புகிறேன்.